கோழி அடைகாத்த கல்

டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. சுண்ணாம்புக் குழியில் மத்தியான வெடி வெடித்து, பூமி ஒரு தரம் குலுங்கி, அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று முணுமுணுத்து அடங்கி, ஓட்டுச் சந்துகளிலிருந்து வெள்ளைப் புழுதி பொலபொலவென்று உதிர்ந்து முடித்த பிறகு, இனி நாளை மத்தியானம் வரைக்கும் ஊரில் பெரிய சத்தம் எதுவும் இருக்காது என்று எல்லோரும் அவரவர் சோற்றுத் தட்டுக்குத் திரும்பிய நேரத்தில், விருத்தாம்பாளின் கட்டிலுக்கு அடியிலிருந்து, சாத்திய கதவை உள்ளே இருந்து யாரோ ஒற்றை விரலால் தட்டுவதுபோல டொக் என்று ஒன்று, கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று.

“எலிடி,” என்றாள் விருத்தாம்பாள், சோற்றைப் பிசைந்தபடியே.

“எலி தட்டாதும்மா, சொரண்டும்,” என்றாள் மகள் கவிநிலா. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு, பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையிலும், யார் எதைச் சொன்னாலும் திருத்தியாக வேண்டும். “நம்ம சாம்பக்கோழி முட்டைதான் தட்டுது.”

“முட்டையாவது ஒண்ணாவது. இந்த ஊர்ல எந்த முட்டைடி பொரிஞ்சிருக்கு?”

அது மெய்தான். அரியலூருக்குக் கிழக்கே சுக்கான்மேட்டில் சிமெண்டுக் கம்பெனி வந்து சுண்ணாம்புக் கல்லுக்காகப் பூமியைத் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து எந்தக் கோழியும் அங்கே குஞ்சு பொரித்ததில்லை. இடிக்குப் பயந்து அடைக்கூடை மணலுக்குள் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் மேலேயிருந்து இறங்கும் இடிக்குத்தான் அது கேட்கும், கீழேயிருந்து ஏறி வரும் இடிக்கு எதைப் போட்டு வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகக் கலங்கிப் போக, சைக்கிளில் சாயக் குஞ்சு விற்கிறவனிடம் பச்சையும் ரோஸுமாக வாங்கி வளர்க்கப் பழகிவிட்டார்கள்.

விருத்தாம்பாளின் கூடையில் இருந்ததோ முட்டைகூட இல்லை, கல். முட்டையை எடுக்கும்போது ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி இடத்தை மாற்றிக்கொண்டு எங்காவது வேலியோரம் இடத் தொடங்கிவிடும். அந்த ஒரு முட்டையையும் விடுவதற்கு மனசு வராமல், குழியில் துளை போடும் வேலைக்குப் போன அவள் புருஷன் எப்போதோ சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்த உருண்டைக் கல்லை அவள் முட்டைக்குப் பதிலாக வைத்திருந்தாள். புருஷன் நெஞ்சு முழுக்கப் புழுதியை அடைத்துக்கொண்டு இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான், கல் கூடையிலேயே கிடந்தது. கோழியும் லேசில் ஏமாறும், அடையில் உட்காரும் காலம் வந்ததும் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. தண்ணீரில் முக்கி எடுத்தாள், மூக்கில் இறகைக் குத்தினாள், கூடையைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றுக்கும் மசியாமல் அது திரும்பத் திரும்ப அதே கல்லின் மேல் போய்ப் பரத்திக்கொண்டு உட்காரவே, எதன் மேலாவது உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கோழியின் இறக்கைக்கு அடியிலிருந்து, ஈரத்தோடு, சாம்பல் நிறத்தில், புடலம்பிஞ்சு போன்ற ஒரு கழுத்து நீண்டு வந்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“நெடுங்கழுத்து டைனோசர்,” என்றாள் கவிநிலா, ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸின் பெயரைச் சொல்வதுபோல.

“கடிக்குமாடி?”

“இலை தழைதாம்மா திங்கும். மெல்லக்கூட மெல்லாது, அப்படியே முழுங்கிடும். பொறக்கறப்ப இத்தினிக்கூண்டு இருக்கும், அப்புறம் பள்ளிக்கூடம் ஒசரம் வளரும்.”

“கோழி எப்படிடி இத சேத்துக்கிட்டுது?”

“கோழியே டைனோசர் வம்சந்தாம்மா. சார் சொன்னாரு.”

விருத்தாம்பாள் கோழியைப் பார்த்தாள், குழம்புச் சட்டியைப் பார்த்தாள். “அப்ப போன ஞாயித்துக்கெழம நாம கொழம்பு வெச்சது?”

“அதுவுந்தான்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அந்த ஊரில் பிறந்து தங்குவது எதுவாக இருந்தாலும் பார்க்க வருவதுதான் முறை என்பதால், ஒருத்தி கொஞ்சம் சர்க்கரை கொண்டுவந்தாள், இன்னொருத்தி கண்ணுபடப் போகிறது என்று மை தீற்றிவிட்டாள். டீக்கடை கொளஞ்சி மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தார்.

“யம்மா விருத்தாம்பா, கம்பெனிக்காரன் கேட்டா கோழிக்குஞ்சுன்னே சொல்லு. பூமிக்கு அடியில இருந்து வந்ததெல்லாம் அவனோடதுன்னு எழுதி வாங்கிட்டாந்திருக்கான்.”

அப்படித்தான் சொன்னார்கள், அவனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான். குஞ்சு கோழிக்குப் பின்னாலேயே போனது, கோழி குப்பையைச் சீய்த்து கொக்கொக் என்று கூப்பிட்டால் ஓடிப்போய்த் தலையை நீட்டியது, பருந்து நிழல் தெரிந்தால் இறக்கைக்கு அடியில் நுழைந்தது; உடம்பு கொள்ளாமல் போன பிறகு தலையை மட்டுமாவது நுழைத்தது. ஆடு அளவு ஆனது, மாடு அளவு ஆனது, ஐப்பசி மழைக்குள் டிராக்டர் அளவு ஆனது, அப்போதும் கோழி அதன் முன்னங்காலடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பூச்சியாகக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊர் அதற்கு வேலிக்கருவை நெற்றும் அகத்தித் தழையும் கட்டுக் கட்டாகப் போட்டது. அதன் பல் அடிக்கடி விழுந்து அடிக்கடி முளைத்தது, டைனோசருக்கு ஆயுசு முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்று கவிநிலா சொன்னாள். விழுந்த பல்லையெல்லாம் பிள்ளைகள் பொறுக்கி, தங்கள் பல்லுக்குச் செய்வதுபோலவே சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தார்கள், வெடி வெடிக்கும்போதெல்லாம் அந்தப் பற்கள் ஓட்டிலிருந்து உருண்டு உருண்டு வாசலில் விழுந்தன.

பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது அந்த நாட்களில்தான். சுவர் விரிந்த வீடுகளைக் கம்பெனி விலைக்கு எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டது. இருக்கிற பிள்ளைகளில் இன்னும் ஒன்று குறைந்தால் பள்ளிக்கூடம் நிலைக்காது என்றார் ஆரோக்கியசாமி சார். அவர்தான் தலைமை ஆசிரியர், அவர்தான் ஆசிரியர், மணி அடிப்பதும் அவர்தான். விருத்தாம்பாள் அங்கே சத்துணவு ஆயா. வேலை போவது பற்றி அவளுக்குப் பெரிய கவலை இல்லை. பள்ளிக்கூடம் போனால் கவிநிலாவைத் தன்னோடு வைத்துப் படிக்க வைப்பதாகக் கும்பகோணத்திலிருக்கும் அவள் தம்பி சொல்லியிருந்தான், நல்ல மனசோடுதான் சொன்னான், அந்த நல்ல மனசை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் கெட்டது. புருஷன் படுத்திருந்த கட்டிலில் இப்போது அவளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பூமி வேகமாகச் சுற்றியதால் நாளெல்லாம் குட்டையாக இருந்தது என்றும், நம்ம ஊரே கடலாகக் கிடந்தது என்றும் சொல்லிக்கொண்டே தூங்கிப்போக அவளுக்கு இந்த ஒரு பிள்ளைதான் இருந்தது. நாள் குட்டையாக இருந்த அந்தக் காலம் எவ்வளவு நல்லது என்று விருத்தாம்பாள் இருட்டைப் பார்த்துக்கொண்டு நினைப்பாள்.

செல்வராணி என்கிற பிள்ளையின் குடும்பம் கார்த்திகையில் ஊரைவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் ஒன்று குறைந்தது. அன்றைக்குச் சார் ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே அது கழுத்தை நீட்டி, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

“தெனமும் வருதுல்ல?” என்றார் சார்.

“கோழி வருது சார், அதோட இதுவும் வருது,” என்றாள் விருத்தாம்பாள்.

“தவறாம வருதுல்ல. அது போதும்.”

கல்லிலிருந்து வந்ததால் கல்லரசு என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார். தகப்பன் பெயருக்கு நேராக ஒரு கோடு இழுத்தார், தாயார் பெயருக்கு நேராக விருத்தாம்பாள் என்று எழுதினார்.

கல்வி ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த ஆபீசரம்மா மூக்கைச் சுருக்கவில்லை, பயப்படவும் இல்லை, எத்தனையோ ஊரில் எத்தனையோ சேர்க்கையைப் பார்த்தவள். குடையை மடக்கிக்கொண்டு அதை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, வயசு என்ன என்று மட்டும் கேட்டாள்.

“ஆடியில பொரிஞ்சுதும்மா,” என்றார் கொளஞ்சி.

“ஒண்ணாம் வகுப்புக்கு அஞ்சு முடிஞ்சிருக்கணுமே.”

“முட்டைக்குள்ள இருந்த காலத்தையும் கூட்டிக்குங்க. வவுத்துல இருந்ததும் வயசுதான?”

“அத கூட்டினா பல கோடி வருஷம் ஆவுது பெரியவரே. வயசு தாண்டிப் போச்சுன்னு முதியோர் கல்விக்குத்தான் அனுப்பணும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆபீசரம்மாவும் சிரித்தாள், பிறகு விருத்தாம்பாளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “சரி, அஞ்சுன்னே இருக்கட்டும். ஆனா நான் சொல்லாமத்தான் வருவேன். எப்ப வந்தாலும் புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கணும். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

அதனால்தான் கட்டினார்கள். அதுவரை அது குழி ஓரத்துக்கும் முந்திரிக் காட்டுப் பக்கத்துக்கும் இஷ்டம்போல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, பழுதான லாரியை இழுக்கிற தடித்த கயிற்றைக் கொண்டுவந்து, வேப்பமரத்தில் ஒரு தலைப்பையும் அதன் பின்னங்காலில் ஒரு தலைப்பையும் முடிந்தார்கள். பெற்றவள்தான் முடிச்சைப் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, விருத்தாம்பாள் போட்டாள். அது கழுத்தை வளைத்து அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாத நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் சார் பெயர் படிக்கும்போது கல்லரசு என்றதும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உள்ளேன் ஐயா என்றார்கள். பள்ளிக்கூடம் மூடாமல் தப்பியது. கும்பகோணத்துத் தம்பிக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விருத்தாம்பாள் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சாம்பாரில் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றித் தாளித்தாள்.

ஆனால் கட்டுகிற வரைக்கும் ஒருவரும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. மத்தியான வெடி நேரத்தில் அது எப்போதும் ஊருக்குள் இருந்ததே இல்லை. கம்பெனியின் எச்சரிக்கைச் சங்கு ஊதுமுன்னரே புறப்பட்டுப்போய் முந்திரிக் காட்டுக்குள் எங்கோ நின்றுவிட்டு, புழுதி அடங்கிய பிறகுதான் வந்திருக்கிறது. இப்போது போக முடியவில்லை. முதல் நாள் வெடி வெடித்தபோது அது கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்து, மண்ணுக்குள் திரும்பப் போய்விடுகிற மாதிரி முகத்தால் தோண்டியது. அதற்கு வாயில் சத்தம் எதுவும் வரவில்லை, உடம்பு மட்டும் நடுங்கியது, நடுக்கம் கயிற்றின் வழியே மரத்துக்கு ஏறி, மரம் பழுத்த இலையை எல்லாம் கொட்டியது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்து அதன் கண்ணைத் தங்கள் கையால் பொத்தினார்கள். ஊர் நாலு நாள் வருத்தப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது. நாமெல்லாம் பழகிக்கொள்ளவில்லையா என்று பேசிக்கொண்டது. அதன் காதோரம் காய்ந்த ரத்தக் கோட்டை விருத்தாம்பாள் ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சோறு பரிமாறப் போனாள். தை பிறந்தபோது அது தழையைத் தின்பதைக் குறைத்துக்கொண்டது.

அப்போதுதான் கோழி கொத்தத் தொடங்கியது.

குஞ்சு வளர்ந்து ஒரு பருவம் வந்ததும், நேற்றுவரை இறக்கைக்குள் வைத்திருந்த அதே தாய்க்கோழி ஒரு நாள் காலையில் திரும்பி நின்று குஞ்சின் மண்டையில் கொத்தும், கிட்டே வந்தால் துரத்தும், குஞ்சைப் பிரிக்கிறது என்பார்கள். பிரிந்த குஞ்சு கொஞ்ச தூரம் ஓடி, அழுது, தானாக மேயத் தொடங்கிவிடும். சாம்பக்கோழியும் அதைத்தான் செய்தது, நாள் கடந்து செய்தது. ஒரு காலையில் அது திரும்பி நின்று, தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்த கல்லரசின் கால் விரலில் நங்கென்று கொத்தியது. கல்லரசு விலகியது. கயிறு இழுத்துப் பிடித்தது. கோழி மறுபடியும் கொத்தியது. அது மரத்தைச் சுற்றியது, கயிறு மரத்தைச் சுற்றியது, சுற்றச் சுற்றக் கயிறு குட்டையாகி, கடைசியில் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு, கழுத்தைக் கீழே இறக்கி, கோழியின் இறக்கைக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்த்தது. கோழி கண்ணுக்குப் பக்கத்தில் கொத்தியது. ஓடிப்போ என்று சொல்லத்தான் கொத்தியது, ஓட முடியாது என்பது கோழிக்குத் தெரியாது. ஓடாமல் நிற்கிறதே என்ற ஆத்திரத்தில் சாயங்காலம்வரை கொத்திக்கொண்டே இருந்தது. கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தார்கள், மறுநாள் திறந்துவிட்டதும் நேரே மரத்தடிக்குத்தான் வந்தது.

“அவுத்து வுடும்மா,” என்றாள் கவிநிலா. அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுத்தா என்னாவும்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். மாமா வீடு.”

“அப்புறம்?”

கவிநிலா இருமினாள். சாதாரண இருமல்தான், பனிக்கு வந்ததாக இருக்கும், ஒரு தரம், பிறகு கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். விருத்தாம்பாளின் கை தேய்க்கிற தட்டிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு அந்த இருமலின் அண்ணனைத் தெரியும், அப்பனைத் தெரியும். எட்டு மாதம் புருஷன் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

“யம்மா, இத போட்ட டைனோசர் என்னா பண்ணியிருக்கும் தெரியுமா? காலாலயே குழி தோண்டி, முட்டைய போட்டு, மண்ண தள்ளி மூடிட்டு, அது பாட்டுக்குப் போயிடும். திரும்பிக்கூட வராதாம். குஞ்சு தானா வெளிய வந்து தானா நடந்து போவுமாம்.”

“திரும்பிக்கூடப் பாக்காதா?”

“பாக்காதும்மா. ஏன்னு சாருக்கும் தெரியல.”

ஏனென்று விருத்தாம்பாளுக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

அன்றைக்கு வெடிக்குச் சங்கு ஊதுமுன், ஊர் வழக்கப்படி எல்லோரும் வீட்டைவிட்டு வெட்டவெளிக்கு வந்து நின்றபோது, எல்லோர் பார்வையிலும் அவள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள். முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. கயிற்றைத்தான் அறுத்தாள், நார் நாராக, மூச்சு வாங்க.

“ஏய், என்னா பண்ற நீ?” கொளஞ்சி துண்டைத் தோளிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். “ஒம் புள்ளைக்குக் கும்பகோணத்துல மாமன் இருக்கான். எம் பேரனுக்கு யாரு இருக்கா? சொல்லு! இங்க கெடக்கிற புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவள் அறுத்துக்கொண்டே இருந்தாள். கொளஞ்சி அவள் கையைப் பிடிக்க வந்தார், சுற்றிச் சுற்றி இறுகிய கயிற்றில் காலின் தோல் உரிந்து சிவந்திருப்பதைக் கிட்டத்தில் பார்த்தார், நீட்டிய கையைத் தொங்கப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கயிறு அறுந்தது. கல்லரசு போகவில்லை. சங்கு ஊதியது, அது நின்றது; கட்டிய காலை மட்டும் கட்டிய மாதிரியே மடக்கி வைத்துக்கொண்டு, கயிறு எவ்வளவு விடுமோ அவ்வளவு தூரத்துக்குள்ளேயே நின்றது. விருத்தாம்பாள் தள்ளிப் பார்த்தாள், கவிநிலா தழையைக் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்போது சாம்பக்கோழி கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து சிலிர்த்துக்கொண்டு வந்து, அதே விரலில், அதே இடத்தில், பலம் கொண்ட மட்டும் கொத்தியது. அது ஓரடி எடுத்து வைத்தது. கோழி துரத்தியது. இன்னோரடி. கயிற்றின் எல்லை தாண்டியதும் அது ஒரு கணம் தன் காலையே பார்த்தது, பிறகு மெல்ல, ஒரு பெரிய வீடு நடப்பதுபோல, ஜெயங்கொண்டம் சாலைக்கு ஏறியது.

சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் பின்னாலிருந்து ஆரன் அடித்தன, அது இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. முந்திரிக் காட்டு வளைவில் கழுத்து மட்டும் மரங்களுக்கு மேல் கொஞ்ச நேரம் தெரிந்தது. வெடி வெடித்தபோது அது நின்றதா, நடுங்கியதா என்று இங்கிருந்து பார்க்க முடியவில்லை. புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடியது. கோழி ஊர் எல்லைவரை துரத்திவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோலக் குப்பையைச் சீய்த்தது.

ஆபீசரம்மா மாசியில் ஒரு நாள் சொல்லாமல் வந்தாள். சார் பெயர் படித்தார். கல்லரசு என்றதும் பிள்ளைகள் எல்லோரும், கொளஞ்சியின் பேரன் எல்லோரையும்விடச் சத்தமாக, உள்ளேன் ஐயா என்றார்கள். ஆபீசரம்மா ஜன்னல் வழியே வெறும் மரத்தடியை வெகுநேரம் பார்த்தாள். அவளும் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போனாள். கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்கவில்லை. கொளஞ்சியின் பேரன் வேறு மூன்று பிள்ளைகளோடு, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நடந்து போனான். கொளஞ்சி விருத்தாம்பாளுக்கு டீ கொடுத்தார், பேசவில்லை.

தம்பி கவிநிலாவை அழைத்துப்போக வந்த அன்று காலையில் அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள், பாதி கூட்டியபோதே பஸ் வந்துவிட்டது. கவிநிலா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, “யம்மா, மாத்திரைய மறக்காத. தண்ணிய காய்ச்சிக் குடி,” என்று பெரியவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில்தான் முகம் கோணியது.

“யம்மா, நீ திரும்பிப் பாப்பல்ல?”

“போடி,” என்றாள் விருத்தாம்பாள். குரலில் எவ்வளவு கடுமையை ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி, கம்பியைப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்களைத் தட்டிவிட்டாள். “போயிப் படி. லீவு லீவுன்னு ஓடியாந்த, காலு ரெண்டையும் ஒடிச்சிடுவேன்.”

பஸ் போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் வீடுவரைக்கும் வந்தாள். வாசலில் கூட்டாத பாதியின் மேல் அதற்குள் புழுதி வெள்ளையாக இறங்கியிருந்தது, கூட்டிய பாதியின் மேலும்தான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குமாற்றின் அடியைத் தரையில் இரண்டு தரம் தட்டிச் சமன் செய்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.